சாட்சி சொல்லாத இருமல்

அமெகோப்பே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கோர்ப்லா அமெட்டெஃபே இருபத்திரண்டு வருஷமாகச் செய்துவந்த குற்றங்களுக்குக் கணக்கே கிடையாது. ஆடு திருடியிருக்கிறார், மச்சானை அரிவாளால் வெட்டியிருக்கிறார், ஒரே சமயத்தில் மூன்று பெண்களைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றியிருக்கிறார், அடுத்தவன் நிலத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கிழங்கு நட்டிருக்கிறார். அத்தனையையும் நீதிபதி முன்னால் நின்று கணீரென்ற குரலில், "நான்தான் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டும் இருக்கிறார். கோர்ட் மொழிபெயர்ப்பாளர் வேலை அப்படி. கூண்டில் நிற்பவன் எவே மொழியில் "நான்" என்றால் இவரும் இங்கிலீஷில் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் என்ன சொல்கிறார் என்றால்" என்று இழுக்கக் கூடாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனைவி யாவா ஆக்ப்லேக்குச் சோள மாவைக் கிண்டிக்கொண்டே கேட்பாள்: "எசினாம் அப்பா, இன்னிக்கு எத்தனை கொலை?"

"கொலை இல்ல. ஒரு மோசடி, ரெண்டு கைகலப்பு."

"அப்ப கையை நல்லாக் கழுவிட்டு வந்து உட்காருங்க."

லாரி டிரைவருக்கு மகனாகப் பிறந்ததில் கோர்ப்லாவுக்குக் கிடைத்த சொத்து நான்கு மொழி. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு, இந்தப் பக்கம் எவே, ஏரியைத் தாண்டினால் ட்வி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். சாட்சி வாயை மூடுவதற்குள் இவர் பாதி வாக்கியத்தை அந்தக் கரையில் இறக்கியிருப்பார். தன்னுடையது என்று ஒரு சொல்லையும் சேர்க்க மாட்டார், சாட்சியின் ஒரு பெருமூச்சைக்கூடத் தவறவிட மாட்டார். ஒரு தடவை ஒரு கிழவர் கூண்டில் நின்று கெட்ட வார்த்தையால் மாஜிஸ்திரேட்டையே திட்டிவிட்டார். கோர்ட் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. கோர்ப்லா முகம் மாறாமல் அதே வார்த்தையை, அதே அழுத்தத்தோடு, இங்கிலீஷில் மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னார். அந்தக் கதையை ஊர் வருஷக்கணக்காகப் பேசியது. அவருக்கு அதில் உள்ளூரக் கர்வம். வார்த்தைகள் தன் வழியாகப் போய்விட வேண்டும், தன்னிடம் தங்கக் கூடாது என்பதுதான் அவருடைய தொழில் நாணயம்.

ஐம்பத்து நாலாவது வயதில் முதலில் போனது வாசனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் மீன் கருகிப் புகை மூட்டம் போட்டுக்கொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யாவா ஓடி வந்து கத்தினாள். "மூக்கைக் கோர்ட்டிலேயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" அதை இருவரும் சிரித்து மறந்தார்கள். பிறகு நடக்கும்போது இடது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. கையெழுத்து எறும்பு ஊர்வதுபோலச் சிறுத்தது. கோர்ட்டில் மாஜிஸ்திரேட் போவாடெமா அம்மா அடிக்கடி, "மிஸ்டர் அமெட்டெஃபே, கொஞ்சம் சத்தமா" என்று சொல்ல ஆரம்பித்தார். தான் சத்தமாகத்தான் பேசுகிறோம் என்று கோர்ப்லா நம்பினார்.

அதற்கப்புறம் அந்த நில வழக்கு வந்தது. கூண்டில் நின்ற ஆள், "அந்தப் பனைமரம் வரைக்கும் எங்க அப்பா நிலம்" என்று எவே மொழியில் சொன்னார். கோர்ப்லாவுக்கு நன்றாகக் கேட்டது. பனைமரம்கூட மனதில் தெரிந்தது. மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, "அந்தப் பனைமரம் வரைக்கும் எங்க அப்பா நிலம்" என்று எவே மொழியிலேயே சொன்னார்.

மாஜிஸ்திரேட் அம்மா குமாசிப் பக்கத்துக்காரர். எவே மொழியில் காலை வணக்கத்துக்கு மேல் தெரியாது. பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இங்கிலீஷ்ல, மிஸ்டர் அமெட்டெஃபே."

"சரிம்மா" என்றார் கோர்ப்லா. மறுபடியும் எவேதான் வந்தது. பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாவது தடவை வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இங்கிலீஷ் எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேதான் இருந்தது, அவருக்குத் தெரியும். ஆனால் இந்த மொழியிலிருந்து அந்த மொழிக்குக் கால் எடுத்து வைக்க முடியவில்லை.

அந்த வழக்கில் தோற்ற ஆள் கோர்ட் வாசலில் மண்ணை வாரி எறிந்தது ஊருக்கே தெரியும். அதனால் சாபம் என்றார்கள். பாஸ்டர் எண்ணெய் பூசி, "மற்றவன் பாவத்தை 'நான்' என்று சொல்லிச் சொல்லி உம் நாவில் அது தங்கிவிட்டது" என்றார். மைத்துனன், "பிரஷர்தான் மச்சான், உப்பைக் குறைங்க" என்றான். மூன்று பேர் சொன்ன மூன்று காரணமும் கோர்ப்லாவுக்குச் சரி என்றே பட்டது. எதை விடுவது என்று தெரியாமல் மண்ணெறிந்தவரைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டார், எண்ணெயைப் பூசிக்கொண்டார், உப்பையும் குறைத்தார்.

தலைநகர் அக்ராவில் பேங்கில் வேலை பார்க்கும் மகள் எசினாம் வந்து, அப்பாவையும் அம்மாவையும் காரில் ஏற்றி அங்கே நரம்பு டாக்டர் லாம்ப்டியிடம் கொண்டுபோனாள். டாக்டர் அவரை எழுந்து நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு பக்கம் எழுதச் சொன்னார். பார்த்துவிட்டு, பார்க்கின்சன் நோய் என்றார்.

"எனக்குக் கை நடுங்கவே இல்லையே டாக்டர்?"

"எல்லாருக்கும் நடுங்காது. மூளைக்குள்ள டோபமின்னு ஒரு ரசாயனம் இருக்கு. அதைச் சுரக்கிற செல்லுங்க உங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சிட்டு வருது. கை கால் அசையறதுக்கு மட்டும்தான் அதுன்னு முன்னாடி நெனச்சிட்டு இருந்தோம். அப்படி இல்ல. மூளையில ஒரு வேலைக்கு ஒரு மூலைன்னு கிடையாது. தூரத் தூரமா இருக்கிற பல பகுதிங்க ஒரே நேரத்துல சேர்ந்து வேலை செய்யும், அந்த வேலை முடிஞ்சதும் கலைஞ்சு வேற கூட்டா சேரும். எவேயை விட்டு இங்கிலீஷுக்கு வர்றீங்களே, அதுக்கும் அப்படித்தான் கூட்டு மாறணும். அந்த மாற்றத்துக்கு டோபமின் வேணும்."

கோர்ப்லா யோசித்தார். "அப்ப சாபம் இல்லையா?"

"சாபத்துக்கு என்கிட்ட டெஸ்ட் இல்லைங்க" என்றார் டாக்டர்.

டாக்டர் கொடுத்த முதல் மாத்திரை மூன்றாவது வாரத்தில் வேலை செய்தது. காலையில் குரல் வந்தது, இங்கிலீஷ் வந்தது. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மருந்து இறங்கினால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். அதனால் அடுத்த தடவை டாக்டர் இரண்டாவதாக ஒரு சின்ன மாத்திரையைச் சேர்த்தார். அது டோபமின் மாதிரியே வேஷம் போட்டு மூளையை நம்பவைக்கும் மருந்து என்றார். "இதைச் சாப்பிட்டுச் சில பேர் சூதாட ஆரம்பிப்பாங்க, கண்டதையும் வாங்கிக் குவிப்பாங்க. புதுசா ஏதாவது பழக்கம் வந்தா உடனே எனக்குப் போன் பண்ணுங்க" என்று யாவாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

யாவா சிரித்தாள். "இவரா? இவர் லாட்டரிக் கடை இருக்கிற தெருவுலயே நடக்க மாட்டார் டாக்டர்."

புழுதிக்காற்று வீசும் மாதங்கள் அவை. உதடு வெடிக்கும், சூரியனே பால் ஊற்றினாற்போல் தெரியும். கோர்ப்லாவுக்கோ உலகம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. குரல் திரும்பிவிட்டது. மத்தியானம் நான்கு மணிக்கும் நிற்காமல் பேசினார். பியூன் முதல் ரிஜிஸ்ட்ரார் வரை, "அண்ணே, பத்து வயசு குறைஞ்சிட்டீங்க" என்றார்கள். எதைப் பார்த்தாலும் அதில் ஏதோ இருப்பதாகப் பட்டது. ஒரு சனிக்கிழமை மின்விசிறியின் சத்தம் வித்தியாசமாக இருக்கிறதே என்று அதைக் கழற்றினார். திருகாணிகளை அளவு வாரியாக ஒரு துணியில் அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து, நிறம் வாரியாக அடுக்கினார். யாவா சாப்பிடக் கூப்பிட்டது மூன்றாவது தடவைதான் காதில் விழுந்தது. அடுத்த வாரம் ரேடியோவைக் கழற்றினார். அதற்கடுத்து, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்.

"அதுல என்ன ரிப்பேர்?" என்றாள் யாவா.

"ரிப்பேர் இல்ல. எப்படி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்குன்னு பார்க்கறேன்."

"திரும்ப மாட்டுவீங்களா?"

அவர் அடுத்த திருகாணியைக் கழற்றினார். இது சூதாட்டம் இல்லை, கண்டதை வாங்கவும் இல்லை. உடம்பு தேறிய மனுஷன் ஏதோ கைவேலை செய்கிறார் என்று யாவா விட்டுவிட்டாள்.

கோர்ட்டிலும் அவருக்கு ஒன்று புதிதாக நடந்தது. சாட்சி பேசும்போது, வார்த்தைக்குப் பின்னால் இருப்பதும் அவருக்குக் கேட்க ஆரம்பித்தது. ஒரு பெண், "அவர் வீட்டுக்கு வரல" என்று சொன்னால், அவள் அன்றைக்கு வாசல் பக்கம் எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷ அனுபவம் இப்போதுதான் பழுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பிப்ரவரியில் செலோமின் வழக்கு வந்தது. செலோம் முப்பது வயதுக்காரன், வாடகை மோட்டார் பைக் ஓட்டுகிறவன். சோளம் அரைக்கும் மில்லிலிருந்து மோட்டாரைத் திருடினான் என்று கேஸ். அவனுக்கு வக்கீல் இல்லை. கண்ணால் பார்த்த ஒரே சாட்சி கஃபுய் அக்கா. பஸ் ஸ்டாண்டில் வாழையிலையில் மடித்து அவித்த சோளப் பலகாரமான அபோலோ விற்கிறவள், விடியும் முன்னே அடுப்புப் பற்றவைக்கிறவள்.

"விடியக்காலையில மில்லு பக்கமிருந்து ஒரு பைக் வந்துச்சு. பின்னாடி ஒரு மூட்டை, கனமா. ஓட்டினவன் மஞ்சள் சட்டை. முகத்தைப் பார்க்கல, துணி சுத்தியிருந்தான்" என்றாள் கஃபுய். அவ்வளவுதான் சொன்னாள்.

கோர்ப்லா மாஜிஸ்திரேட்டிடம் இங்கிலீஷில் சொன்னார்: "விடியற்காலையில் மில் பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. பின்னால் கனமான ஒரு மூட்டை. ஓட்டியவன் மஞ்சள் சட்டை போட்டிருந்தான். முகத்தைப் பார்க்கவில்லை, துணி சுற்றியிருந்தான். ஆனால் அவன் இருமினான். அந்த இருமலை எனக்குத் தெரியும்."

குற்றவாளிக் கூண்டில் செலோம், காலையிலிருந்து புழுதிக்காற்றுக்கு இருமிக்கொண்டிருந்தான். 'இருமல்' என்பதற்கான இங்கிலீஷ் அவனுக்குத் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு எவே மொழியில் கத்தினான்: "அவங்க அப்படிச் சொல்லவே இல்ல!"

பின்பெஞ்சில் சலசலப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டி, "அமைதி" என்றார். கோர்ப்லாவைப் பார்த்து, "அவன் என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

கோர்ப்லா, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், மொழிபெயர்த்தார்: "அவங்க அப்படிச் சொல்லவே இல்லை."

குற்றம் சாட்டப்பட்டவன் வேறு எப்படிப் பேசுவான்? மாஜிஸ்திரேட் அதையும் எழுதிக்கொண்டார். கஃபுய்க்கு இங்கிலீஷ் தெரியாது, அவன் எதைச் சொல்கிறான் என்று விழித்தாள். ரிஜிஸ்ட்ரார் அடுத்த வழக்கின் காகிதங்களில் தலையைக் கவிழ்த்திருந்தார், போலீஸ் தரப்பில் வாதாடிய இன்ஸ்பெக்டர் எவே தெரியாத வடக்கத்திக்காரர். அந்த இருமலே போதும் என்று செலோமுக்கு ஆறு மாதம் ஜெயில். கோர்ப்லா அன்று மாலை வீட்டுக்குப் போய்த் தையல் மெஷினின் சக்கரத்தைக் கழற்றினார். மனதில் ஒரு கறையும் இல்லை.

ஏப்ரலில் யாவா அபோலோ வாங்கப் போனபோது கஃபுய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னக்கா, கோவமா?"

"உன் புருஷனுக்கு என் வாயை வாடகைக்கு விட்டேன். அவர் அதுல சொந்தமா வேற வீடு கட்டிட்டார்."

"புரியும்படி சொல்லுங்கக்கா."

"நான் எப்ப இருமல்னு சொன்னேன்? பஸ் ஸ்டாண்டே என்னைக் கேக்குது, 'இருமலை வச்சு ஆளைப் பிடிக்கற டாக்டரம்மா'ன்னு. அந்தப் பையனோட அம்மா என் அடுப்பு முன்னாடி வந்து நின்னு அழுதுட்டுப் போறா."

யாவா வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் திருகாணிகள் ஏழு வரிசையாக இருந்தன. அவற்றைத் தாண்டிப் போய் அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

"சொன்னா" என்றார் கோர்ப்லா. "என் காதால கேட்டேன். 'அவன் இருமினான்'னு சொல்லிட்டு நிறுத்தினா. தலைத்துணியைச் சரி பண்ணினா. அப்புறம் 'எனக்குத் தெரியும்'னா."

"அவங்க இல்லைங்கறாங்க."

"பயந்து மாத்திப் பேசறா. எத்தனை சாட்சியைப் பார்த்திருக்கேன்."

"செலோமும் அன்னிக்கே கத்தினானாமே. நீங்கதானே அதையும் சொன்னீங்க?"

கோர்ப்லா கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தார். அந்தக் கத்தல் அவருக்கு ஞாபகம் இருந்தது, அதைத் தான் மொழிபெயர்த்ததும் ஞாபகம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே, அது ஏன்? யாவா தரையைப் பார்த்தாள், அந்த ஏழு வரிசையைப் பார்த்தாள். எழுந்து போய் டாக்டருக்குப் போன் செய்தாள்.

மறுபடி அக்ராவுக்குப் போனார்கள். டாக்டர் லாம்ப்டி இந்தத் தடவை நிறையக் கேட்டார். மின்விசிறியைப் பற்றிக் கேட்டார், எத்தனை மணி நேரம் என்று கேட்டார், தடுத்தால் கோபம் வருகிறதா என்று கேட்டார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கோர்ப்லாவிடம் பேசினார்.

"நீங்க சும்மா உட்கார்ந்து, நடந்தது நடக்கப்போறதுன்னு மனசுக்குள்ள ஓட்டிட்டு இருக்கும்போது மூளையில ஒரு கூட்டு வேலை செய்யும். வெளியில ஒருத்தர் பேசறதைக் கவனிக்கும்போது வேற ஒரு கூட்டு. சாதாரணமா ஒண்ணு ஓங்கினா இன்னொண்ணு அடங்கும். எது முக்கியம், எப்ப எது ஓங்கணும்னு சொல்றதுக்கு மூணாவதா ஒண்ணு இருக்கு. இதுக்கெல்லாம் தாளம் போடறதுல டோபமினும் இன்னும் சில ரசாயனங்களும் இருக்கு. உங்களுக்கு அது குறைஞ்சப்ப, மாற முடியாம நின்னீங்க. இந்த ரெண்டாவது மாத்திரை சில இடத்துல குறையை நிரப்பும், நல்லா இருக்கிற இடத்துல அளவுக்கு மீறிடும். அப்ப எல்லாமே முக்கியமாத் தெரியும், திருகாணிகூட. வெளியில கேக்கும்போது உள்ள கதை கட்டறதும் அடங்காம இருந்திருக்கலாம். கோர்ட்டுல அந்த ஆள் இருமிட்டே இருந்தான்னு சொன்னீங்கல்ல?"

"இருந்தான்."

"அந்த இருமல் அவங்க வாக்கியத்துக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம், சேர்ந்திருக்கலாம்னே சொல்றீங்களே டாக்டர். நான் அப்படித்தான் பண்ணினேனா, இல்லையா?"

"உங்க தலைக்குள்ள அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு யாராலயும் இப்பப் போய்ப் பார்க்க முடியாது. பொதுவா இப்படி நடக்க வாய்ப்பு இருக்குன்னுதான் என்னால சொல்ல முடியும்."

"ஆனா அவ குரல் எனக்குக் கேக்குதே. இப்பவும் கேக்குது."

"அதை நான் நம்பறேன்" என்றார் டாக்டர். அது கோர்ப்லாவுக்கு ஆறுதலாகவும் இல்லை, குற்றச்சாட்டாகவும் இல்லை. எங்கே வைப்பது என்று தெரியாத ஒரு பொருளைக் கையில் கொடுத்ததுபோல் இருந்தது.

சின்ன மாத்திரையை ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தார்கள். அந்த ஆறு வாரம் கொடுமையாகப் போனது. காரணம் இல்லாமல் அழுகை வந்தது. தையல் மெஷின் பாகங்கள் துணியில் கிடந்தன. இவற்றை அடுக்கியபோது எவ்வளவு நிறைவாக இருந்தது என்று நினைவிருந்தது, இப்போது வெறும் இரும்பாகத் தெரிந்தது. எசினாம் வந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு மெஷினை மாட்டிக் கொடுத்தாள். வார்த்தைக்குப் பின்னால் கேட்டதெல்லாம் நின்றுபோனது. யாவா பேசினால் யாவா பேசியது மட்டும்தான் கேட்டது. அந்த நான்கு மாதம் பேசியது யார், இப்போது உட்கார்ந்திருப்பது யார்? நோய் வந்து ஊமையாக நின்றானே, அவனா உண்மையான கோர்ப்லா? மாத்திரை இல்லாமலே எல்லாருக்கும் தலைக்குள் ஏதோ ரசாயனம் ஓடுகிறது என்றால், அதற்கெல்லாம் முந்தி ஒரு கோர்ப்லா இருந்தானா? கேட்டால் யாவா, "என்கிட்ட சோறு கேட்டவங்க எல்லாரும் ஒருத்தர்தான்" என்றாள்.

கோர்ட்டுக்குப் போய்ச் சொல்வதற்கு முன்னால் ஒரு காலை கஃபுயின் அடுப்படிக்குப் போனார். அவள் இலையை மடிக்கும் கையை நிறுத்தவில்லை.

"அக்கா, ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க. இருமல்னு ஒரு வார்த்தைகூட உங்க வாயிலேர்ந்து வரலையா?"

"வரல."

"சத்தியமா?"

"சத்தியமா வரல." கஃபுய் இலையைக் கீழே வைத்தாள். நெருப்பைப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தாள். "ஆனா ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. கூண்டுல நின்னப்ப அவன் இருமினான் பாரு. அப்ப எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. இந்த இருமலை எங்கேயோ கேட்டிருக்கோமேன்னு. வாயைத் திறக்கல. தோணுச்சு, அவ்வளவுதான்."

கோர்ப்லா அந்த இலையை எடுத்து மடித்தார், மறுபடி பிரித்தார். சொல்லாத ஒன்றைச் சொன்னதாகச் சொன்னோம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வந்தார். அது அவள் மனதில் இருந்தது என்றால், தான் செய்தது பொய்யா, இல்லை வேறு எதுவோ? நேரே கோர்ட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். கடைசியில், அவள் வாயிலிருந்து வந்ததை மட்டும்தான் கொண்டுபோய்ச் சேர்க்கத் தனக்கு அதிகாரம் என்பது ஒன்றுதான் நிலையாக நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு மாஜிஸ்திரேட் அறைக் கதவைத் தட்டினார்.

போவாடெமா அம்மா டாக்டரின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "மிஸ்டர் அமெட்டெஃபே, நீங்க சொல்றது என்னன்னு புரியுதா? நாலு மாசமாக் குடுத்த தீர்ப்பெல்லாம் ஆட்டம் காணும்."

"புரியுதும்மா."

"எதெதுல சேர்த்தீங்கன்னு சொல்ல முடியுமா?"

"அதுதாம்மா முடியல. எல்லாமே அவங்க சொன்னதாத்தான் எனக்கு ஞாபகம் இருக்கு."

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். மேல் கோர்ட்டுக்கு எழுதினார். வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பெரும்பாலானவர்கள், தாங்கள் சொன்னதுதான் எழுதியிருக்கிறது என்றார்கள். ஜீவனாம்ச வழக்கில் ஜெயித்த ஒருத்தி மட்டும், "அண்ணன் சேர்த்தாரோ இல்லையோ, எல்லாம் உண்மை. யாரும் அதுல கை வைக்காதீங்க" என்று சண்டைக்கு வந்தாள்.

செலோமின் வழக்கு மறுபடி நடந்தது. வேறு ஊரிலிருந்து ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் வந்தார். கோர்ப்லா பின்பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. ஜெயிலில் மூன்றரை மாதம் இருந்த செலோம் மெலிந்திருந்தான். இப்போது மழைக்காலம், இருமல் இல்லை.

"பைக் ஓட்டியவன் இருமினானா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

கஃபுய் சொன்னாள்: "அம்மா, அன்னிக்குக் காலையில கேட்டேனா, கோர்ட்டுல கேட்டேனா, ஊரெல்லாம் இருமல் இருமல்னு பேசினதுல எனக்கே கேட்ட மாதிரி ஆயிடுச்சா, சத்தியமா எனக்கே தெரியல. மஞ்சள் சட்டை மட்டும் தெரியும்."

புது மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார். கோர்ப்லா உதட்டை அசைத்துக் கூடவே மொழிபெயர்த்துப் பார்த்தார். ஒரு சொல்லும் மாறவில்லை. செலோமை விடுதலை செய்தார்கள். அந்த மோட்டாரை எடுத்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வாசலில் கோர்ப்லா அவனை மறித்து நின்றார். என்ன சொல்வது என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "தம்பி, தப்பு என்னோடது" என்றார்.

"உங்களோடதா, மாத்திரையோடதா?" என்றான் செலோம். "உள்ள இருந்தப்ப ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க."

"தெரியல தம்பி. ஆனா வாய் என்னோடது."

"மாத்திரையை நீங்க சாப்பிட்டீங்க, களியை நான் சாப்பிட்டேன்." அவன் சிரிக்கவில்லை. "அன்னிக்கு நான் கத்தினதை மட்டும் சரியாச் சொன்னீங்களே, அது எப்படி அண்ணே?"

கோர்ப்லா விலகி வழி விட்டார். அவன் அம்மாவோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

கோர்ட் அவரை வேலையை விட்டு நீக்கவில்லை, ஆனால் கூண்டுப் பக்கம் விடவில்லை. ரிஜிஸ்ட்ரார் அறையில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். பத்திரங்களையும் மனுக்களையும் மொழிபெயர்க்கிறார். அதில் மூலம் பக்கத்திலேயே இருக்கும், வரிக்கு வரி விரல் வைத்துச் சரிபார்க்கலாம். ஒரு பக்கத்தை மூன்று தடவை பார்க்கிறார். முதல் மாத்திரையை மட்டும் அளவு கூட்டிச் சாப்பிடுகிறார். மத்தியானம் இரண்டு மணிக்குச் சில நாள் பேனா நின்றுவிடும். அடுத்த வேளை மருந்து ஏறும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டில்தான் அவஸ்தை. யாவா சந்தைக் கதை ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். நடுவில் அவர் கையைத் தூக்குவார். "இரு. கோழிக்காரி அவ மருமகளை அடிச்சான்னு இப்ப நீ சொன்னியா, நானா நெனச்சுக்கிட்டேனா?"

"சொன்னேன்."

"நிஜமா?"

"இல்ல, சொல்லல. நெனச்சேன், அதுக்குள்ள நீங்க கேட்டுட்டீங்க."

சொல்லிவிட்டு யாவா குழம்பைக் கிளறப் போய்விடுவாள். அவள் முதுகு குலுங்குகிறதா, அது சிரிப்பா, வெறும் கிளறலா என்று கோர்ப்லா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.